பெரியப்பாவின் பசி

எங்க மாமனாருக்குக் கல்யாணம்.

சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க, அப்புறம் நடுவுல என்னை நிறுத்தக் கூடாது. எழுபது தாண்டின மனுஷன் கல்யாணம் பண்ணிக்கிறது ஒண்ணும் கொலைக்குத்தம் இல்ல. மாமியார் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காச்சு. மாமா ரயில்ல டிக்கெட் செக்கரா இருந்து ரிட்டையர் ஆனவர். வீட்டுல சும்மா உக்காந்திருந்தாலும், யாராவது உள்ள வந்தா அவருக்குத் தன்னையறியாம கை நீளும், டிக்கெட் கேக்குற மாதிரி. அவர் ஒரு நாள் கண் டாக்டர்கிட்ட போனார். கண்ணுல மருந்து விட்டு, மூடிக்கிட்டு உக்காருங்கன்னு பெஞ்சுல உக்கார வச்சுட்டாங்க. பக்கத்துல ஒரு அம்மா, அவங்களும் மருந்து விட்டு கண்ணை மூடிக்கிட்டு. ரெண்டு பேரும் மூஞ்சியைப் பாக்காமலே பேச ஆரம்பிச்சிருக்காங்க. நர்ஸ் வந்து கண்ணைத் திறக்கலாம்னு சொன்னப்ப, "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே"ன்னாராம் மாமா. அந்த அம்மா ரிட்டையர் ஆன கணக்கு டீச்சர். இவர் அவங்களை டீச்சர்னு கூப்பிடுவார், அவங்க இவரை சார்னு கூப்பிடுவாங்க.

எனக்கு சந்தோஷம்தான். எங்க வீட்டுக்காரருக்கும் சந்தோஷம்தான்னு நினைக்கிறேன். அவர் மூஞ்சியில சந்தோஷமும் பசியும் ஒரே மாதிரிதான் தெரியும். நிபந்தனை போட்டது பாப்பா.

பாப்பான்னா ஏதோ தொட்டில்ல கிடக்குற குழந்தைன்னு நினைச்சுடாதீங்க. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி, என் நாத்தனார், முப்பத்தி நாலு வயசு. வீட்டுல இருந்தபடியே காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஒரு பேங்குக்கு வர்ற போனுக்கெல்லாம் பதில் சொல்ற வேலை. கடைசிப் பிள்ளைங்கிறதால இன்னும் பாப்பா. அவ அழுதுக்கிட்டே சொன்னா: "அப்பா தாராளமா கல்யாணம் பண்ணிக்கட்டும். ஆனா இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. டீச்சர்தான் இங்க வரணும். அம்மாவும் இல்ல, அப்பாவும் போயிட்டா எனக்குன்னு யார் அண்ணி இருக்கா?"

நான் குத்துக்கல்லாட்டம் எதிர்ல நிக்கிறேன், யார் இருக்காங்கிறா. சரி, போகட்டும். டீச்சருக்குச் சொந்தமா சின்னதா ஒரு வீடு இருக்கு. இருந்தாலும், "பொண்ணு ஆசைப்படுது, வந்துடறேன்"ன்னு ஒத்துக்கிட்டாங்க. பின்னாடி இருக்குற ரூமை அவங்களுக்குன்னு தயார் பண்றதா ஏற்பாடு. அந்த ரூமைப் பாத்த உடனே டீச்சருக்கு இந்த வீடு பிடிச்சுப் போகணும், அப்பா இங்கயே இருந்துடணும். இது ஒண்ணுதான் பாப்பா மனசுல. அதுக்காக அவ போன்ல பொருள் வாங்க ஆரம்பிச்சா.

வாங்குறதுன்னா நீங்களும் நானும் வாங்குற மாதிரி இல்ல. ஒரு திரைச்சீலை வேணும்னா ஆறு கலர்ல வரும். ஜன்னல்ல ஒவ்வொண்ணா பிடிச்சுப் பாத்து, ஒண்ணை வச்சுக்கிட்டு அஞ்சைத் திருப்பி அனுப்புவா. சாயங்காலத்துக்குள்ள அந்த ஒண்ணும் பிடிக்காமப் போயிடும், அதுவும் போகும். விளக்கு, தலையணை, நிலைக்கண்ணாடி, மாமாவுக்குக் கோட்டு, எல்லாமே மூணு சைஸ், நாலு கலர். டெலிவரிக்காரர் எங்க வீட்டுக்குன்னே வண்டியில தனியா இடம் ஒதுக்கி வச்சிருந்தார். "எதுக்கு பாப்பா இவ்வளவு?"ன்னு கேட்டா, "ரிட்டர்ன் ஃப்ரீ அண்ணி"ம்பா, ஏதோ தர்ம காரியம் பண்ற மாதிரி.

இதுல என் வயித்தெரிச்சல் என்னன்னா, நான் வேலை பாக்குறதே அந்த ரிட்டர்ன் வர்ற குடோன்லதான்.

ஊர் முழுக்க ஜனங்க பிடிக்கலைன்னு திருப்பி அனுப்புறது எல்லாம் எங்க குடோனுக்கு வரும். வந்து என்ன ஆகும்? திரும்பவும் கடைக்குப் போகும்னுதானே நினைக்கிறீங்க? நானும் வேலைக்குச் சேர்ற வரைக்கும் அப்படித்தான் நினைச்சேன். ஒரு பெட்டியைப் பிரிச்சு, உள்ள இருக்கிறது நல்லா இருக்கான்னு பாத்து, மடிச்சு, புது உறை போட்டு அடுக்க ஆள் கூலி கூடுதலாம். பெட்டியோட அரைச்சுத் தள்ளிட்டா செலவு கம்மியாம். அதுக்கு ஒரு மிஷின் வச்சிருக்காங்க. வீடு மாதிரி உயரம், வாய் எப்பவும் திறந்தே இருக்கும். நாங்க அதுக்கு வச்ச பேரு பெரியப்பா. எவ்வளவு போட்டாலும் போதும்னு சொல்லாது, போடாட்டி கத்தும். மேல ஏணியில நின்னு பெல்ட்டைப் பாத்துக்கிறவருக்குப் பேரு பரிமாறுறவர். புதுச் செருப்பு, புது மிக்ஸி, பிரிக்காத பொம்மை எல்லாத்தையும் பெரியப்பா மென்னு துப்புவார். துப்பினதைக் குடோனுக்குப் பின்னாடி கொட்டி எரிப்பாங்க. பின்னாடி ஒரு குளம் இருக்கு. தண்ணி இருக்கான்னு கேட்டா இருக்கு, கண்ணுக்குத்தான் தெரியாது. நூலும் பிளாஸ்டிக் பொடியும் மேல மிதந்து மிதந்து கெட்டியாகி, நாய் அது மேல ஏறி அந்தக் கரைக்கு நடந்து போகுது. நாங்க எல்லாரும் வருஷம் பூரா இருமுறோம்.

இதை நான் பாப்பாகிட்ட சொல்லாம இல்ல. தொண்டை வறளச் சொல்லியிருக்கேன். "சும்மா பயமுறுத்தாதீங்க அண்ணி, யாராவது புதுசைப் போய் அரைப்பாங்களா? பைத்தியமா?"ன்னு சிரிச்சுட்டா. அவளைக் குத்தம் சொல்ல முடியல. கேட்டா அப்படித்தான் இருக்கு.

இப்ப பல்லுக்கு வர்றேன்.

மாமாவுக்கு மேலயும் கீழயும் கட்டின பல்லு. பழசு விரிசல் விட்டு உடைஞ்சு போச்சுன்னு கல்யாணத்துக்காகப் புதுசு கட்டியிருந்தார். வெளிய போனா மாட்டிக்குவார், வீட்டுக்குள்ள காலை வச்சதும் கழட்டிடுவார், தேஞ்சு போயிடுமாம். மகள் எதையும் வச்சுக்க மாட்டா, அப்பா எதையும் தொட மாட்டார், அப்படி ஒரு வம்சம். இந்தப் பல்லு விஷயம் டீச்சருக்குத் தெரியாதுன்னு அவருக்கு ஒரே பெருமை வேற. "என் சிரிப்பைப் பத்திதான் டீச்சர் முதல்ல சொன்னாங்க"ன்னு பொக்கை வாயோட எங்ககிட்ட சொல்லிச் சொல்லி சந்தோஷப்படுவார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும். பாப்பா அவருக்கு செருப்பு வரவழைச்சிருந்தா, மூணு ஜோடி. நடு சைஸ் சரியா இருந்துச்சு. மாமா என்ன பண்ணினார்? கல்யாணத்தன்னிக்கு அவசரத்துல பல்லை மறந்துடக் கூடாதுன்னு, அதை ஒரு துணியில சுத்தி அந்தச் செருப்புக்குள்ள வச்சு, பெட்டியை மூடி வச்சிட்டார். செருப்பு போடும்போது பல்லு ஞாபகம் வருமாம். இப்படி ஒரு யோசனை இந்தக் குடும்பத்துல பிறந்தவங்களுக்குத்தான் வரும். சாயங்காலம் பாப்பா கோட்டையும் செருப்பையும் பக்கத்துல வச்சுப் பாத்தா. கோட்டு சாம்பல் கலர், செருப்பு காப்பி கலர். "சேரலையே"ன்னு மூணு பெட்டியையும் தனித்தனியா ஒட்டி டெலிவரிக்காரர்கிட்ட குடுத்துட்டா.

மறுநாள் காலையில டீச்சரோட நடக்கப் போகலாம்னு மாமா பெட்டியைத் தேடினார். இல்ல. பாப்பாவைக் கேட்டார். அவ சொன்னா. மாமா கட்டில்ல உக்காந்துட்டார். "கல்யாணம் வேண்டாம், டீச்சர்கிட்ட சொல்லிடுங்க"ன்னார். பல்லு இல்லாததால அதுவும் சரியா விளங்கல, ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு. சொல்லிட்டு சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டார்.

பாப்பாவுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. "அண்ணி, உங்க குடோனுக்குத்தானே வந்திருக்கும்? எடுத்துடலாம்ல அண்ணி?"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

முந்தின நாள் எடுத்த சரக்கு மறுநாள் காலையிலதான் பெல்ட்டுக்கு வரும். வெளியாள் உள்ள வரக் கூடாது. ஆனா என்னால மட்டும் அத்தனை பெட்டியில தேட முடியாது. என்கிட்ட இருந்த இன்னொரு ஆரஞ்சு சட்டையை அவளுக்கு மாட்டி விட்டு, தலைக்கு வலை போட்டு, "யாராவது கேட்டா புது ஆளுன்னு சொல்லு, வேற எதுவும் பேசாத"ன்னு கூட்டிட்டுப் போனேன். பேசாதன்னு பாப்பாகிட்ட சொல்றதும் பெரியப்பாகிட்ட பட்டினி கிடன்னு சொல்றதும் ஒண்ணுதான். உள்ள நுழைஞ்சதும் எதிர்ல சூப்பர்வைசர் வந்தார். "யாரு இது?"ன்னார். "புது ஆளு சார், ரொம்ப ஆர்வமா இருக்கேன் சார், உங்க குடோன் ரொம்ப விசாலமா இருக்கு சார்"னு அடுக்கினா. அந்த மனுஷன் வாழ்க்கையில அந்தக் குடோனை யாரும் புகழ்ந்ததில்ல. மலர்ந்து போய் வழி விட்டார்.

உள்ள போனதும் அவ நின்னுட்டா. மலை மலையா பெட்டி, கூரை வரைக்கும். "இதெல்லாம் என்ன அண்ணி?"

"நேத்து வந்தது."

"நேத்து மட்டுமா?"

"மட்டும்தான். நட, நிக்காத."

பாப்பாவோட பெட்டியைக் கண்டுபிடிக்கிறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. அவ திருப்பி அனுப்புற ஒவ்வொண்ணு மேலயும் மஞ்சளா ஒரு சிரிச்ச மூஞ்சி ஸ்டிக்கர் ஒட்டி, கீழ 'நன்றி'ன்னு எழுதுவா. அடுத்து வாங்குறவங்களுக்கு சந்தோஷமா இருக்குமாம். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் ஸ்டிக்கரைத் தேடினோம். கொஞ்ச நேரத்துல அவ பக்கத்துல இருந்து சத்தம் வந்துச்சு. "அண்ணி, இது என் விளக்கு!" போன மாசம் பெல்ட்டு ரிப்பேர் ஆனப்ப தேங்கிப் போன பழைய அடுக்கு அது. "அண்ணி, இது அந்தத் திரைச்சீலை. இந்தத் தலையணை போன மாசம் அனுப்பினது, ரொம்ப நல்ல தலையணை அண்ணி! இன்னுமா யாரும் வாங்கல?"

மேல ஏணியில இருந்த பரிமாறுறவர் எட்டிப் பாத்தார். ஸ்டிக்கரைத் தடவிக்கிட்டு நிக்கிறவளையும் பாத்தார். அவருக்கு எப்படியோ விளங்கிடுச்சு. "அட, சிரிச்ச மூஞ்சி நீங்கதானா? தினம் வருவீங்களே! உங்களைப் பாக்காத நாளே கிடையாது. ஒரு நாள் வரலைன்னா நாங்க கவலைப்படுவோம், உடம்புக்கு என்னவோன்னு!"

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அந்த ஸ்டிக்கர் எங்க வீட்டுச் சரக்குன்னு இத்தனை நாளா நான் மூச்சு விட்டதில்ல. குடும்ப மானம்.

பாப்பா மெதுவா கேட்டா. "என்னோடதை என்ன பண்ணுவீங்க?"

 அவர் பெல்ட்டைக் கையை நீட்டிக் காட்டினார். அந்த நேரம் பாத்து பெல்ட்டுல ஒரு குழந்தை சைக்கிள் போச்சு, உறை கூடப் பிரிக்காதது, கைப்பிடியில ரிப்பன் கட்டினது. பெரியப்பா ஒரே கடி. மணி ஒரு தடவை அடிச்சுது, அவ்வளவுதான். பாப்பா வாயைப் பொத்திக்கிட்டா. அந்த சைக்கிளுக்குப் பின்னாடியே, சிரிச்ச மூஞ்சியோட, மூணு செருப்புப் பெட்டி வரிசையா வந்துச்சு.

"அண்ணி! அதான்! நடுவுல!"

பெல்ட்டைச் சுத்தி ஆள் உயரத்துக்குக் கம்பி வலை. கையை விட முடியாது. பரிமாறுறவர் கொக்கிக் கோலை நீட்டினார், பெட்டி வழுக்கிட்டுப் போச்சு. நான் ஓடினேன். சிவப்பு பட்டன் சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்துல. அதை அமுக்குற அதிகாரம் அவருக்கு மட்டும்தான்.

"சார், நிறுத்துங்க சார்! எங்க மாமனார் பல்லு உள்ள போகுது!"

அவர் பட்டன் மேல கையை வச்சார். வச்சுட்டு யோசிச்சார். கெட்டவர் இல்ல அவர், யோசிக்காம எதையும் செய்ய மாட்டார், அதான் கஷ்டம். "ஆள் சிக்கினா நிறுத்தலாம். உடம்புல ஒரு பாகம் சிக்கினாலும் நிறுத்தலாம். ரூல் இருக்கு"ன்னார்.

"பல்லு உடம்புல ஒரு பாகம்தானே சார்?"

"சொந்தப் பல்லா, கட்டின பல்லா?"

"கட்டினதுதான். ஆனா அவர் வாய்க்குன்னே கட்டினது!"

"வாயில இருந்தா பாகம்"னார் அவர், நல்லா யோசிச்சு. "செருப்புல இருந்தா அது சரக்கு."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கும்போது நடுப் பெட்டி உள்ள போயிடுச்சு. மூணாவது பெட்டியும் போச்சு. நான் வாயில வந்ததை எல்லாம் திட்டினேன், பெரியப்பா சத்தத்துல அவருக்கு ஒண்ணும் கேக்கல, அதனால இன்னும் வேலையில இருக்கேன்.

வீட்டுக்கு வர்ற வழி பூரா பாப்பா பேசல. அவ பேசாம நான் பாத்ததே இல்ல, எனக்கே பயமா போச்சு. தெரு முனையில என் தோளைப் பிடிச்சு நிறுத்தினா. மூக்கெல்லாம் சிவந்திருந்துச்சு. "அண்ணி, சத்தியமா சொல்றேன். இனிமே என் வாழ்நாள்ல ஒரு பொருளைக் கூட திருப்பி அனுப்ப மாட்டேன்."

எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அவ கண்ணைத் துடைச்சு விட்டேன். இனிமே வாங்க மாட்டேன்னு அவ சொல்லல. அதை நான் கவனிக்கல.

மறுநாளே ஒரு பார்சல் வந்துச்சு. பிரிச்சா, பல்லு. ரெடிமேடு பல்லு, சின்னது, நடுத்தரம், பெருசு. அப்பாவுக்கு எது சரிப்படும்னு தெரியாததால மூணும் வாங்கினாளாம். மாமா பெருசை மாட்டிப் பாத்தார். வாயை மூட முடியல. சின்னதை மாட்டினார், பேசும்போது வெளிய வந்து விழுந்துச்சு. நடுத்தரத்தை மாட்டினவரைப் பாத்து எங்க வீட்டுக்காரர் வெளிய போயிட்டார், அவர் சிரிச்சு நான் பாத்த சில தடவைகள்ல அது ஒண்ணு. பல் டாக்டர் புதுசு கட்ட ஒரு மாசம் ஆகும்னுட்டார். மாமா திரும்பவும் சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டார்.

கடைசியில நான்தான் டீச்சருக்குப் போன் பண்ணி, "ஒரு தடவை வீட்டுக்கு வாங்க"ன்னேன். வந்தாங்க. மாமா ரூம் கதவைத் தாழ் போட்டுக்கிட்டார்.

"சார், நான்தான். கதவைத் திறங்க."

"முடியாது டீச்சர். கல்யாணம் வேண்டாம்."

"பல்லுக்காகவா?"

 இவங்களுக்கு எப்படித் தெரியும்னு நாங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். டீச்சர் கதவுல சாஞ்சுக்கிட்டாங்க. "முப்பது வருஷம் வாயில மிட்டாயை ஒளிச்சு வச்சுக்கிட்டுப் பாடம் ஒப்பிக்கிற பிள்ளைங்களைப் பாத்தவ நான். கண்ணை மூடிக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருந்தப்பவே எனக்குத் தெரியும். நீங்க பேசப் பேச உள்ள டக்கு டக்குன்னு சத்தம். யாரோ நமக்காக மெனக்கெட்டு பல்லு மாட்டிக்கிட்டுப் பேசுறாங்களேன்னுதான் எனக்குப் பிடிச்சுது."

 தாழ்ப்பாள் நகர்ற சத்தம் கேட்டுச்சு. மாமா கதவைத் திறந்து, ஒரு கையால வாயை மறைச்சுக்கிட்டு நின்னார். டீச்சர் அந்தக் கையை எடுத்து விட்டாங்க. பாப்பா தேம்பித் தேம்பி அழுதா. நானும் அழுதேன், அதை ஏன் மறைக்கணும்.

கல்யாணம் நடக்கும்னு ஆனதும் பாப்பாவுக்குப் பழைய வேகம் வந்துடுச்சு. முன்னாடியே சொல்லி வச்சிருந்ததெல்லாம் வர ஆரம்பிச்சுது. மூணு கோட்டு, ஆறு விரிப்பு, ரெண்டு நிலைக்கண்ணாடி, கட்டில்ல ஒண்ணு பெருசு ஒண்ணு அதைவிடப் பெருசு. முன்னாடின்னா பாதி திரும்பிப் போயிடும். இப்ப ஒண்ணும் போகல. "பெரியப்பா வாயில போட என்னால முடியாது அண்ணி"ன்னு ஒவ்வொரு பெட்டியையும் குழந்தை மாதிரி அணைச்சு உள்ள கொண்டு போய் வைப்பா. டெலிவரிக்காரர் வழக்கம் போல, "ரிட்டர்ன் இருக்கா மேடம்?"னு கேட்டார். இல்லைன்னா. மறுநாளும் இல்லைன்னா. மூணாம் நாள் அவர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"ன்னு விசாரிச்சார்.

பெட்டியெல்லாம் வழியில கிடக்குன்னு நான் சத்தம் போட்டேன். அதுவும் தப்பாப் போச்சு. அடுக்கி வைக்க அலமாரி வாங்கினா. அலமாரி நாலு பெட்டியில வந்துச்சு. அதை மாட்ட ஒரு கருவிப் பெட்டி வந்துச்சு. "உன்னை யார் வாங்கச் சொன்னா?"ன்னு கத்தினேன். "இடம் பண்றதுக்குத்தானே அண்ணி!"ன்னு அவளும் கத்தினா. நடுவுல எங்க வீட்டுக்காரர் ஒரு பெட்டி மேல தட்டை வச்சு சாப்பிட்டுக்கிட்டிருந்தார், சாப்பாட்டு மேஜை எங்க இருக்குன்னு அன்னிக்கு எங்க யாருக்கும் தெரியல.

பதிவு அலுவலகத்துல கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. சம்மதமான்னு கேட்டதுக்கு மாமா வாயெல்லாம் ஈறாச் சிரிச்சார், அதிகாரியும் சிரிச்சுட்டார். டீச்சர் ஒரே ஒரு கைப்பையோட வந்திருந்தாங்க. "மீதி எல்லாம்?"னு பாப்பா கேட்டா. "இதான் எல்லாம்"னாங்க.

வீட்டுக்கு வந்தோம். பாப்பா முன்னாடி ஓடினா, பின்ரூம் கதவைத் திறந்து காட்டணும்னு. கதவு திறக்கல. உள்ள அலமாரி சரிஞ்சு கதவு மேல சாஞ்சு கிடந்துச்சு. எங்க வீட்டுக்காரர் தோளைக் குடுத்துத் தள்ளினார். ஒரு விரல் அளவு திறந்துச்சு. அந்த இடுக்கு வழியா எட்டிப் பாத்தேன். கட்டில் தெரியல, ஜன்னல் தெரியல, பெட்டிதான் தெரிஞ்சுது. அவ்வளவு ஆசையா வாங்கின அந்த ஜன்னல் சீலை பிரிக்காமலே எங்கயோ அடியில கிடந்துச்சு.

"ஹால்ல உக்காருங்க டீச்சர்"னா பாப்பா. ஹால்ல சோபா மேல நிலைக்கண்ணாடி. என் ரூம்ல தரை தெரியாம விரிப்பு. மாமா டீச்சரோட பையைக் கையில பிடிச்சுக்கிட்டு, எங்க வைக்கிறதுன்னு தெரியாம, தன் சொந்த வீட்டு நடுவுல ஒரு சுத்து சுத்தி வந்து பழைய இடத்துலயே நின்னார்.

"அஞ்சே நிமிஷம்"னா பாப்பா. "அக்கம்பக்கத்துல குடுத்துடலாம் அண்ணி. புதுசு, சும்மா குடுத்தா யார் வேண்டாம்பாங்க?"

ஆளுக்கு ரெண்டு பெட்டி தூக்கிக்கிட்டுத் தெருவுல இறங்கினோம். முதல் வீட்டுல எலக்ட்ரீஷியன். கதவைப் பாதிதான் திறந்தார், அதுக்கு மேல திறக்காதாம், பின்னாடி பெட்டி. "விளக்கா? என்கிட்டயே ஒன்பது இருக்கும்மா, நீங்க ரெண்டு எடுத்துக்குங்களேன்." அடுத்த வீட்டு நர்ஸம்மா எங்க கையில இருக்கிறதைப் பாத்ததும் முகம் மலர்ந்து, "நல்ல நேரத்துல வந்தீங்க"ன்னு உள்ள போய் ஒரு பிரிக்காத ஃபேனைக் கொண்டு வந்து எங்க பெட்டி மேல வச்சுட்டாங்க. மாடி வீட்டுல கதவே திறக்கல. ஜன்னல் வழியா, "குடுக்க வந்தீங்களா, வாங்க வந்தீங்களா?"ன்னு கேட்டாங்க. குடுக்கன்னோம். ஜன்னலையும் மூடிட்டாங்க. தெருவை ஒரு சுத்து சுத்தி வந்தப்ப நாங்க எடுத்துட்டுப் போனதும் கையில இருந்துச்சு, மேல ஃபேன், ரெண்டு விளக்கு, ஒரு குடை, யாரோ திணிச்ச தலையணை ஒண்ணும் இருந்துச்சு.

வாசல்ல மாமாவும் டீச்சரும் நின்னுக்கிட்டிருந்தாங்க. இவ்வளவு நேரமும் நின்னுக்கிட்டுதான் இருந்திருக்காங்க. மாமா கையில இப்ப ரெண்டு பை. ஒண்ணு டீச்சரோடது, ஒண்ணு அவரோடது.

"அப்பா!"ன்னா பாப்பா. பெட்டியெல்லாம் கையில இருந்து சரிஞ்சு விழுந்துச்சு. "போகாதீங்கப்பா. ரெண்டே நாள்ல எல்லாத்தையும் ஒழிச்சுடறேன்."

"ஒழிச்சு?" மாமா கோபமாக் கேக்கல. டிக்கெட் இல்லாதவங்ககிட்ட எந்த ஸ்டேஷன்ல ஏறினீங்கன்னு கேக்குற மாதிரி பொறுமையாத்தான் கேட்டார். "எங்கம்மா கொண்டு போய் வைப்பே?"

பாப்பா என்னைப் பாத்தா. குடோன்ல வேலை பாக்குறவ நான், எனக்குத் தெரியும்னு நினைச்சிருப்பா. எனக்குத் தெரிஞ்சது ஒரே இடம்தான். அதை வாயைத் திறந்து சொல்ல எனக்கு மனசு வரல.

"டீச்சர் வீட்டுல உக்கார இடம் இருக்கும்மா, கால் வலிக்குது"ன்னார் மாமா. டீச்சர் பாப்பா தலையைத் தடவி, "நீ எப்ப வேணும்னாலும் வாம்மா"ன்னாங்க. ரெண்டு பேரும் மெதுவா நடந்து தெரு முனையில திரும்பிட்டாங்க.

"அப்பா இந்த வீட்டை விட்டுப் போயிடக் கூடாதுன்னுதானே அண்ணி எல்லாத்தையும் வாங்கினேன்"ன்னா பாப்பா.

அவளை நாலு வார்த்தை நல்லா திட்டணும்னு வாயைத் திறந்தேன். வரல. "சரி, வா, உள்ள போய் உக்காரலாம்"னேன். சொன்னப்புறம்தான் எனக்கே உறைச்சுது. ரெண்டு பேரும் வாசல்லயே நின்னோம்.